வெட்டுண்ட தலைக்கு எத்தனை நொடி?

லவாய்சியர் கண் சிமிட்டிய கதை உங்களுக்கும் எப்படியாவது வந்து சேர்ந்திருக்கும். பிரெஞ்சுப் புரட்சியின்போது கில்லட்டின் என்ற தலைவெட்டும் இயந்திரத்தில் தலை போகப்போகிற அந்த வேதியியல் மேதை, சாகிற நேரத்திலும் ஒரு சோதனை செய்து பார்க்க நினைத்தாராம். தலை விழுந்த பிறகு முடிந்தவரை கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருப்பேன், நீ எண்ணிக்கொள் என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டுப் போனாராம். பதினைந்து இருபது தடவை சிமிட்டினாராம். அருமையான கதை. நடக்கவில்லை என்பதுதான் ஒரே குறை.

1794 மே 8 அன்று பாரிஸில் அவரையும் சேர்த்து வரி வசூல் குத்தகைக்காரர்கள் 28 பேரை வரிசையாக வெட்டினார்கள். மொத்த வேலையும் முடிய சுமார் 35 நிமிடம். ஆளுக்கு ஒன்றேகால் நிமிடம்தான் வருகிறது. மூன்றாவதாகப் போனவர் லவாய்சியரின் மாமனார், நாலாவது இவர். இந்த அவசரத்தில் கூடைக்குப் பக்கத்தில் ஒருவர் குந்திக்கொண்டு சிமிட்டலை எண்ண யார் விட்டிருப்பார்கள்? அன்றைக்கு எழுதிவைத்தவர்கள் யாரும் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. எல்லாம் பிற்காலச் சேர்க்கை.

கதை பொய் என்பதால் கேள்வி பொய்யாகிவிடாது. தலை தனியாக விழுந்த பிறகு அதற்குள் அந்த ஆள் எவ்வளவு நேரம் இருக்கிறார்? இருநூறு வருடத்துக்கு மேலாக இதை விடாமல் துரத்தியவர்கள் நீதிபதிகளோ மதகுருக்களோ இல்லை, மருத்துவர்கள். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, அந்த இயந்திரமே அவர்கள் கைங்கரியம்தானே.

அதற்கு முந்தைய ஐரோப்பாவில் தலைவெட்டு என்பது பெரிய இடத்துச் சலுகை. பிரபு குற்றம் செய்தால் வாள், சாமானியன் செய்தால் கயிறு, ரொம்பக் கோபம் வந்துவிட்டால் சக்கரத்தில் கட்டி எலும்பை நொறுக்குவது. அந்தச் சலுகையும் வெட்டுகிறவன் கைப்பழக்கத்தைப் பொறுத்ததுதான். 1536இல் தன் மனைவி ஆன் பொலினுக்காக இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி கடல் கடந்து வாள்வீச்சில் தேர்ந்த ஒருவனை வரவழைத்தார், ஒரே வீச்சில் முடிந்தது. ஐந்து வருடம் கழித்து அதே மன்னர் ஆட்சியில் மார்கரெட் போல் என்ற வயதான பெண்மணியை அனுபவமில்லாத ஒரு பையனிடம் விட்டார்கள். அவன் தலையையும் தோளையும் கொத்திக் குதறிவிட்டதாக அப்போது லண்டனில் இருந்த வெளிநாட்டுத் தூதர் எழுதியிருக்கிறார். ஸ்காட்லாந்து ராணி மேரிக்கு 1587இல் முதல் வெட்டு பின்மண்டையில் விழுந்தது. மன்மத் கோமகனுக்கு 1685இல் ஜாக் கெட்ச் கோடரியைப் பல தடவை ஓங்கியும் முடியாமல் கடைசியில் கத்தியை எடுக்க வேண்டி வந்தது. இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் கில்லட்டினைப் பற்றி எந்த முடிவுக்கும் வர வேண்டும் என்பது என் கட்சி. இன்றைக்கு நமக்கு அது கொடூரத்தின் சின்னம், அன்றைக்கு அது ஒரு சீர்திருத்தம்.

ஜோசப் கில்லட்டின் மருத்துவர், பிரான்சின் தேசிய சபை உறுப்பினர். 1789 அக்டோபரில் அவர் கேட்டது இரண்டு விஷயம்: குற்றம் ஒன்றானால் தண்டனையும் ஒன்றாக இருக்க வேண்டும், ஏழை பணக்காரன் பார்க்கக் கூடாது, மரண தண்டனை என்றால் எளிய ஓர் இயந்திரத்தால் தலையை வெட்ட வேண்டும், வலிக்காமல். கழுத்தில் லேசாகக் குளிர்ந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான் என்று அவர் விளக்கியதாகவும் சபை சிரித்ததாகவும் சொல்வார்கள். இயந்திரத்தை அவர் வடிவமைக்கவில்லை. அதைச் செய்தவர் இன்னொரு மருத்துவர், அறுவைச் சிகிச்சைக் கழகத்தின் செயலாளர் ஆந்துவான் லூயி. கட்டிக்கொடுத்தவர் தோபியாஸ் ஷ்மிட் என்ற ஜெர்மானியர், அவருக்குத் தொழில் இசைக்கருவி செய்வது. 1792 ஏப்ரலில் பிசேத்ர் மருத்துவமனையில் ஆட்டிலும் பிணங்களிலும் சோதித்துப் பார்த்தார்கள், அதே மாதம் 25ஆம் தேதி பெல்லெத்தியே என்ற வழிப்பறிக்காரனின் தலை முதலாவதாக விழுந்தது. இதே மாதிரி இயந்திரம் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸிலும் ஸ்காட்லாந்திலும் முன்பே இருந்தது, ஆனால் ஒரு நாடே அதைத் தத்துவமாக எடுத்துக்கொண்டது இங்கேதான்.

பாரிஸில் தண்டனையை நிறைவேற்றிவந்த சார்ல் ஆன்ரி சான்சன் இயந்திரம் வருவதற்கு முன்பு அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். தலைமுறை தலைமுறையாக இதே தொழில் பார்த்த குடும்பம். வாளால் எல்லோரையும் வெட்டச் சொல்கிறீர்கள், ஒரு வெட்டுக்குப் பிறகு வாள் மழுங்கிவிடும், திரும்பத் தீட்ட வேண்டும், ஒரே நாளில் பல பேர் என்றால் எத்தனை வாள் வாங்குவது. அதோடு வெட்டுப்படுகிறவர் அசையாமல் நிற்கத் துணிச்சல் வேண்டும், அது இல்லையென்றால் அது தண்டனையாக இருக்காது, சண்டையாகிவிடும் என்கிறார். வேலை தெரிந்த ஆள் எழுதும் நிதானமான அறிக்கை. அந்த நிதானம்தான் படிக்கிறவரைக் கலக்குகிறது.

சரி, வலிக்காது என்று மருத்துவர்கள் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. மூன்றே வருடத்தில் அந்த வாக்கைச் சந்தேகப்பட்டவர்களும் மருத்துவர்களே. 1795இல் ஸோமரிங் என்ற ஜெர்மானிய உடற்கூறியலாளர், உணர்வின் இருப்பிடம் மூளை, மூளைக்குள் உயிர்ச்சக்தி மிச்சமிருக்கும்வரை தலைக்கு வலி தெரியும் என்று எழுதினார். குரல் உறுப்புகளுக்குக் காற்று போய்க்கொண்டிருந்தால் அந்தத் தலைகள் பேசும் என்றே சொன்னார். பாரிஸில் சூ என்ற மருத்துவர் அவருக்கு ஆதரவு. அவர்களுக்குக் கையில் கிடைத்த பெரிய சாட்சி ஷார்லட் கோர்டே: புரட்சித் தலைவர் மாராவைக் குத்திக் கொன்றதற்காக 1793 ஜூலையில் அவரை வெட்டியபோது, மேடையில் வேலை பார்த்த ஒரு தச்சன் தலையைத் தூக்கிக் கன்னத்தில் அறைந்தான், அப்போது முகம் இரண்டு பக்கமும் சிவந்தது, கோபம் தெரிந்தது என்று கூட்டத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அறைந்தது உண்மை, அதற்காக அவன் சிறைக்குப் போனான். சிவந்ததுதான் இடிக்கிறது. கழுத்து அறுந்து ரத்தம் வெளியே கொட்டிக்கொண்டிருக்கும் தலைக்கு நாணிச் சிவக்க ரத்தம் எங்கிருந்து வரும்?

கபானிஸ் என்ற மருத்துவர் எதிர்ப்பக்கம் நின்றார். தசை துடிப்பது வேறு, உணர்வது வேறு என்பது அவருடைய வாதம். எனக்குத் தெரிந்து இந்த முழு விவகாரத்திலும் யாரும் சொன்ன மிக உருப்படியான வாக்கியம் இதுதான், பிற்பாடு வந்தவர்கள் பாதிப் பேர் இதை மறந்துவிட்டுத்தான் சோதனையில் இறங்கினார்கள். அதே கபானிஸுக்குக் கில்லட்டினும் பிடிக்காது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வலிக்கிறது என்பதற்காக இல்லை, மக்கள் ரத்தத்துக்குப் பழகிவிடுவார்கள் என்பதற்காக.

அப்புறம் ஒரு நூற்றாண்டு பூராவும் தலைகளை வைத்துக்கொண்டு விளையாட்டு. 1850களில் பிரௌன் செக்கார் என்ற உடலியலாளர் வெட்டிய நாய்த்தலைக்குள் ரத்தத்தைச் செலுத்தி முகம் அசைவதைக் காட்டினார். 1880களில் லபோர்த் அதையே வெட்டுண்ட கைதிகளின் தலைகளில் முயன்றார், கிடைத்தது தசை இழுப்பு. இவற்றை ஒதுக்கிவிட்டு ஒன்றே ஒன்றை மட்டும் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் அது 1905 ஜூன் 28, ஒர்லேயான் நகரம், விடியற்காலை. கைதி ஆன்ரி லாங்கீய், மருத்துவர் பொரியோ.

பொரியோவின் குறிப்பு இப்படிப் போகிறது. தலை விழுந்தபோது தற்செயலாக அறுந்த கழுத்துப் பக்கமாகவே நேராக நின்றுவிட்டது, அதனால் கையில் எடுக்கத் தேவைப்படவில்லை. முதல் ஐந்தாறு நொடிக்கு இமையும் உதடும் ஒழுங்கில்லாமல் துடித்தன. பிறகு அடங்கி, முகம் தளர்ந்து, இமைகள் பாதி மூடின, செத்தவர்களிடம் தினமும் பார்க்கிற மாதிரி. அப்போது அவர் உரத்த குரலில் "லாங்கீய்!" என்று கூப்பிட்டார். இமைகள் துடிக்காமல், மெதுவாக, ஒருவரைத் தூக்கத்தில் எழுப்பினால் திறப்பதுபோலத் திறந்தன. கண்கள் அவர் கண்ணையே பார்த்தன. சில நொடியில் மூடிக்கொண்டன. மறுபடி கூப்பிட்டார், மறுபடி திறந்தன. மூன்றாவது தடவை ஒன்றுமில்லை. எல்லாம் சேர்ந்து 25 முதல் 30 நொடி.

இதை முதலில் படிக்கும் யாருக்கும் மயிர்க்கூச்செறியும். ஆனால் என்ன இருக்கிறது இதில் என்று கணக்குப் பார்த்தால், ஒரே ஒரு தலை, ஒரே ஒரு பார்வையாளர், அவரும் பதிலை எதிர்பார்த்துப் போனவர். கூப்பிடாமல் விட்டிருந்தால் இமை தானாகத் திறந்திருக்காதா என்பதைச் சோதிக்க வழியே இல்லை. வேறு பெயரைக் கூப்பிட்டிருந்தால்? அதையும் அவர் செய்யவில்லை. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை, பார்த்ததை எழுதினார். பார்த்ததற்கு என்ன அர்த்தம் என்பதுதான் வேறு.

அந்த அர்த்தத்துக்குக் கிட்டே போக வேறு வகைத் தகவல் வேண்டும். மனித மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம், ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்ஸிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்குத்தான் போகிறது. சேமித்து வைக்கிற பழக்கம் அதற்குக் கிடையாது. கழுத்தின் நான்கு பெரிய தமனிகளும் ஒரே நேரத்தில் அறுந்தால் மூளைக்குள் ரத்த அழுத்தம் அந்த நொடியே சரிந்துவிடும். இதில் மனிதர்களிடமே எடுத்த அளவு ஒன்று இருக்கிறது: 1943இல் அமெரிக்காவில் ரோசன், கபாட், ஆண்டர்சன் என்ற மூவர் இளம் ஆண்களின் கழுத்தில் காற்றடைத்த பட்டையைக் கட்டி மூளைக்குப் போகும் ரத்தத்தை ஒரேயடியாக நிறுத்திப் பார்த்தார்கள். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அந்த விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைத் தாண்டாது. பெரும்பாலும் 5 முதல் 10 நொடிக்குள் நினைவு தப்பியது. அதைவிட முக்கியம், நினைவு தப்புவதற்குச் சற்று முன்னால் கண்கள் ஒரே இடத்தில் நிலைகுத்தி நின்றன, தப்பிய பிறகு உடம்பு வெட்டி இழுத்தது. நிலைகுத்திய பார்வை, துடிக்கும் முகம் என்று மேடையருகே நின்றவர்கள் சொன்னதெல்லாம் தலை உடம்போடு ஒட்டியிருக்கும்போதே வருகிற விஷயம். திடீரென்று இதயம் நின்றுபோகிறவர்களும் ஏறக்குறைய பத்துப் பதினைந்து நொடிக்குள் நினைவிழந்துவிடுகிறார்கள், அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எலிகளிடம் இன்னும் துல்லியமாகப் பார்த்திருக்கிறார்கள். ஆய்வுக்கூடங்களில் எலிகளைக் கொல்ல சின்ன கில்லட்டின் இன்றும் உண்டு, மருந்து கலக்காத மூளை வேண்டும் என்றால் அது ஒரு வழி. அது சித்திரவதையா என்ற கேள்வி அதனால் நடைமுறைக் கேள்வி. 1975இல் மிகெஸ்கா, க்ளெம் இருவரும் வெட்டிய பிறகும் ஏறக்குறைய 13, 14 நொடி ஈஈஜியில், அதாவது மூளையின் மின்னலைப் பதிவில், மின்செயல்பாடு தெரிகிறது என்றதும் பெரிய சர்ச்சை வந்தது. 2011இல் நெதர்லாந்தின் நைமேகன் குழு திரும்பச் செய்து பார்த்தது: உணர்வோடு தொடர்புடைய அலைகள் நான்கு நொடிக்குள்ளேயே சரிந்துவிட்டன. வினோதம் என்னவென்றால் எல்லாம் அடங்கி ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்து ஒரு பெரிய மெதுவான அலை எழுந்தது. பத்திரிகைகள் உடனே அதை மரண அலை என்று தூக்கிக் கொண்டாடின. அது கடைசி எண்ணம் எதுவும் இல்லை, ஆக்ஸிஜன் இல்லாமல் நரம்புச் செல்களின் சவ்வு தாங்கிக்கொண்டிருந்த மின்னழுத்தம் மொத்தமாக அவிழ்ந்துபோவது என்றுதான் அதே ஆண்டு வேறொரு கணக்கீடு விளக்கியது.

ஆக என் பதில்: சில நொடி. பூஜ்ஜியம் என்று சத்தியம் செய்ய முடியாது, அரை நிமிடம் என்பதை நம்பக் காரணம் இல்லை. அந்தச் சில நொடியிலும் தண்டுவடம் அறுந்த அதிர்ச்சியும் அழுத்தச் சரிவும் சேர்ந்து எவ்வளவு தெளிவு மிச்சம் வைத்திருக்கும் என்றால், அதிகமாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் தவறாமல் மைக் என்ற கோழியைக் கொண்டுவருவார். அமெரிக்காவின் கொலராடோவில் 1945 செப்டம்பரில் தலை வெட்டப்பட்டு, பதினெட்டு மாதம் உயிரோடு ஊர் ஊராகக் காட்சிக்குப் போன சேவல். பொய்யில்லை. கோடரி சற்று மேலே விழுந்து மூளைத்தண்டின் பெரும்பகுதியையும் ஒரு காதையும் விட்டுவைத்தது, ரத்தம் உறைந்து பெரிய நாளம் அடைபட்டது, உணவுக்குழாயில் சொட்டு மருந்துக் குழலால் ஆகாரம் ஊட்டினார்கள். மூச்சு, இதயத் துடிப்பு, நிற்பது நடப்பது எல்லாம் அந்த மூளைத்தண்டும் தண்டுவடமும் பார்த்துக்கொள்கிற வேலை. அதனால் அது தலையில்லாக் கோழி இல்லை, முகமில்லாக் கோழி. மனிதனோடு ஒப்பிட இதில் ஒன்றும் கிடையாது.

மனிதனோடு ஒப்பிட வேறொன்று இருக்கிறது, அதைப் பற்றி இவ்வளவு பேர் பேசுவதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம். தோல் கிழியாமல், ஒரு சொட்டு ரத்தம் வெளியே வராமல், தலை கழுத்திலிருந்து கழன்றுவிட முடியும். மண்டையோட்டின் அடியில் இரண்டு மேடுகள், அவை முதல் கழுத்தெலும்பின் இரண்டு குழிகளில் உட்கார்ந்திருக்கின்றன. அந்த மூட்டைப் பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் பிணைநார்கள்தான், எலும்புக்கு அங்கே அவ்வளவு பிடிப்பு இல்லை. வேகமான வாகன விபத்தில் உடம்பு நின்று தலை மட்டும் முன்னே பாயும்போது அந்த நார்கள் அறுந்துபோகின்றன. மருத்துவர்கள் இதை உட்புறத் தலைத்துண்டிப்பு என்றே சொல்கிறார்கள். குழந்தைகளுக்கு இது அதிகம் நேர்கிறது, தலை உடம்புக்குப் பெரியது, குழிகள் ஆழமில்லை, நார்கள் தளர்வு. பல வருடம் இதைப் பிணப் பரிசோதனையில் மட்டும்தான் பார்த்தார்கள், ஏனென்றால் மூச்சை நடத்தும் மூளைத்தண்டு அங்கேயேதான் இருக்கிறது, மூச்சுத் தசையான உதரவிதானத்துக்குப் போகும் நரம்பின் வேர்கள் அதற்குச் சற்றுக் கீழே, நசுங்கினால் அந்த இடத்திலேயே முடிந்தது. இப்போது பிழைத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். விபத்து நடந்த இடத்திலேயே கழுத்தை அசையாமல் கட்டுவது, உடனே செயற்கை மூச்சு, சி.டி. ஸ்கேனில் மண்டையடிக்கும் கழுத்தெலும்புக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் கூடுதல் இடைவெளி தெரிகிறதா என்று தேடிப் பார்க்கிற கண், பிறகு மண்டையோட்டையும் கழுத்தையும் கம்பியும் திருகாணியும் போட்டு இணைக்கிற அறுவைச் சிகிச்சை. தலையைத் திருப்புவதும் குனிவதும் நிரந்தரமாகக் குறையும், ஆனால் ஆள் நடந்து வீட்டுக்குப் போன சம்பவங்கள் உண்டு. தண்டுவடம் தப்பியதா என்பதுதான் எல்லாம்.

அதே தண்டுவடம்தான் தலைமாற்று அறுவைக்காரர்களையும் மடக்கியது. சோவியத் ஒன்றியத்தில் தெமிகோவ் 1954இல் ஒரு நாயின் கழுத்தில் குட்டி நாயின் தலையையும் முன்பாதியையும் ஒட்டினார். 1970 மார்ச்சில் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் ராபர்ட் வொயிட் ஒரு குரங்கின் தலையை இன்னொரு குரங்கின் உடலில் பொருத்தினார். தலை விழித்தது, கண்ணால் ஆட்களைப் பின்தொடர்ந்தது, கடிக்க வந்தது. கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை, அறுத்த தண்டுவடத்தை ஒட்ட வழி இல்லை, மூச்சு இயந்திரத்தில்தான் ஓடியது. சமீபத்தில் இத்தாலியின் கனவெரோ இதை மனிதனுக்குச் செய்யப்போகிறேன் என்று 2013இல் ஆரம்பித்து, 2017இல் சீனாவில் பிணங்களில் செய்து முடித்தோம் என்று அறிவித்தார். பிணத்தில் நாளங்களைத் தைக்கலாம், தண்டுவடம் வேலை செய்கிறதா என்று பிணத்திடம் எப்படிக் கேட்பது? இதையெல்லாம் அறிவிப்பு என்றுதான் எடுத்துக்கொள்ள முடிகிறது.

இதைவிடப் பல மடங்கு கவனமாகச் செய்தது யேல் பல்கலைக்கழகக் குழு. 2019இல் வெளிவந்தது. வெட்டுக்கூடத்திலிருந்து வாங்கிய 32 பன்றித் தலைகளின் மூளைகளில், இறந்து நான்கு மணி நேரத்துக்குப் பிறகு, ரத்தத்துக்குப் பதிலான ஒரு திரவத்தை ஆறு மணி நேரம் ஓட்டினார்கள். செல்கள் சர்க்கரையை எரித்தன, நாளங்கள் மருந்துக்கு விரிந்தன. மூளை முழுவதுமான மின்னலை எதுவும் எழவில்லை, எழாமலிருக்கத் திரவத்திலேயே தடுப்பு மருந்து போட்டிருந்தார்கள், தப்பித்தவறி எழுந்தால் உடனே நிறுத்த மயக்க மருந்தும் தயாராக வைத்திருந்தார்கள். லபோர்த் காலத்தில் தலை அசைந்தால் வெற்றி. இங்கே அசைந்துவிடுமோ என்பது பயம்.

உயிர் எங்கே இருக்கிறது என்ற பழைய சண்டை இன்று மூளைச்சாவில் வந்து நிற்கிறது. ஆம்புலன்ஸ் ஊழியர்களின் விதிமுறைகளில் நெஞ்சை அழுத்தி உயிர் மீட்க முயலத் தேவையில்லை என்ற பட்டியலில் தலை துண்டான உடல் வெளிப்படையாக இருக்கும், அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 1968இல் ஹார்வர்டு குழு மூளைச்சாவுக்கு வரையறை எழுதிய பிறகு, அதை ஆதரித்தவர்களில் பலர் இதையே வாதமாக வைத்தார்கள்: தலை இல்லாத உடலை மூச்சு இயந்திரத்தில் வைத்து இதயத்தை ஓடவிட்டால் அந்த ஆள் உயிரோடு இருக்கிறார் என்பீர்களா? மாட்டீர்கள். மூளை முழுவதும் செத்தவர் உடலியல்படி அதே நிலையில்தான் இருக்கிறார், தலை ஒட்டிக்கொண்டிருப்பது கண்ணுக்கு மட்டும்.

இதற்கு எதிராக நின்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஆலன் ஷ்யூமன், முதலில் மூளைச்சாவை ஏற்றுக்கொண்டு பிறகு மாறியவர். மூளைச்சாவு அடைந்த உடல்கள் வாரக்கணக்கில், சில வருடக்கணக்கில் தாங்கியதை 1998இல் தொகுத்தார், அதில் ஒன்று பதினான்கு வருடத்துக்கும் மேல். அடுத்து அவர் கேட்டதுதான் கூர்மையானது: கழுத்தின் உச்சியில் தண்டுவடம் முழுதாக அறுந்தவரின் உடலும் மூளையிடமிருந்து ஏறக்குறைய எந்தக் கட்டளையும் வாங்குவதில்லை, அதன் உடலியல் மூளைச்சாவு உடலின் உடலியலிலிருந்து பெரிதாக வேறுபடுவதில்லை, அப்படியானால் இந்த உடலை மட்டும் ஏன் உயிருள்ளது என்கிறீர்கள்? அவருக்குச் சுயநினைவு இருக்கிறதே என்று நான் சொல்வேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் நான் முழுக்கத் தலைப்பக்கம். சொன்ன உடனே அடுத்த கேள்வி வரும்: நினைவுதான் அளவுகோல் என்றால் மூளைத்தண்டின் அனிச்சைகளை எல்லாம் எதற்காகப் படுக்கையருகே நின்று சோதிக்கிறீர்கள், நினைவு திரும்பவே வழியில்லாமல் ஆனால் தானே மூச்சுவிட்டுக்கொண்டு கிடப்பவரை ஏன் புதைப்பதில்லை? அங்கே தலைப்பக்கத்துக்காரர்கள் தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிகிறார்கள், நானும் அந்த இரண்டில் எந்தப் பக்கம் என்பது யார் கடைசியாக வாதாடினார்கள் என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டுதான் இருக்கிறது.